பாடி: படைவீடு, பாட்டு, பிணம்

1

பாடியில் எம்.டி.எச். சாலையை விட்டு உள்ளே போகிற ஒரு தெருவில் போன ஆடி மாதம் ஒரு சாவு. செத்தவர் கம்பெனியில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவை அடைத்துப் பந்தல், வாடகை நாற்காலிகள், ஐஸ் பெட்டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் கேட்டார்: "பாடி எப்ப எடுப்பாங்க?"

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சாவு வீட்டிலும் சொல்லைத்தான் பார்ப்பான். பாடி என்றால் ஊர், சேரி, ஆயர் குடியிருப்பு. பாடி என்றால் படைவீடு. முல்லைப்பாட்டில் பாசறைக்கு இந்தச் சொல்தான் வருகிறது. அந்தப் பாசறையில் யவனரும் மிலேச்சரும் காவல் நிற்கிறார்கள். பாடி என்பது பாடுதலின் வினையெச்சமும்கூட. இந்த ஊர்க் கோயிலான திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம். ஆங்கிலத்திலிருந்து இறங்கி வந்து, பிணம் என்று சொல்லக் கூசுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்ட பாடி கடைசியாக வந்தது. இந்த ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்று ஆராய்ச்சி பண்ண வரவில்லை. ஒரு சொல்லுக்குள் படையும் பாட்டும் பிணமும் ஒன்றாகப் படுத்திருப்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மணிக்குப் பேண்டு செட் வந்தது. ஏழு பேர். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் சரிகைப் பட்டை, மார்பின் குறுக்கே தொங்கும் கயிறு, தலையில் உச்சி வைத்த தொப்பி, காலில் ரப்பர் செருப்பு. ட்ரம்பெட் இரண்டு, கிளாரினெட் ஒன்று, சைடு டிரம், பேஸ் டிரம், தாளம், கிலுகிலுப்பை. முதலில் சினிமாப் பாட்டு ஒன்றை ஒழுங்காக வாசித்தார்கள். தெருமுனையில் பாடை நின்றபோது மூத்த ட்ரம்பெட்காரர் மெட்டை விட்டு வெளியே போனார். போனவர் திரும்பி வரவில்லை. சைடு டிரம் அவரைத் துரத்துகிறது, அவர் தப்பிக்கிறார், மறுபடி துரத்துகிறது. இளவட்டங்கள் ஆடினார்கள். செத்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஒரு நிமிஷத்துக்கு நம் விமரிசனத்தில் பெயர் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

2

கேள்வியைக் கிளப்பியவர் அம்பத்தூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர். ஒரு கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கப் படைகளின் ஜாஸ் குழுக்களைப் பற்றிச் சொன்னார். அந்த நாட்டு விமானப்படைக்கு 1950இலிருந்து ஏர்மென் ஆஃப் நோட் என்று ஒரு குழு. கடற்படைக்கு கமடோர்ஸ், தரைப்படைக்கு ஜாஸ் அம்பாசடர்ஸ், இரண்டும் 1969இல் தொடங்கியவை. பூங்காக்களில் இலவசமாக வாசிக்கிறார்கள், பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நண்பர் கேட்டார்: "ஆவடியில டாங்கி ஃபேக்டரி இருக்கு, விமானப்படை இருக்கு, சி.ஆர்.பி.எஃப். இருக்கு, சிறப்புக் காவல் படை இருக்கு. இத்தனை யூனிபாரம் இருக்கே, நம்ம பசங்களுக்கு ஒரு ட்ரம்பெட் சொல்லித் தந்தா என்ன?"

எங்களில் ஒருவர் உடனே பாய்ந்தார். ஒடுக்கும் அரசு எந்திரம் கருத்தியல் எந்திரமாக வேஷம் போடுகிறது, அல்தூசரைப் படி என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை 1958இல் டேவ் புருபெக்கையும் 1963இல் டியூக் எலிங்டனையும் அனுப்பிவைத்தது. இருவரும் சென்னைக்கும் வந்து வாசித்தார்கள். எலிங்டன் உலகமெங்கும் அமெரிக்கச் சுதந்திரத்தின் முகமாக நின்ற அந்த 1963இல்தான் பர்மிங்ஹாமில் கறுப்புக் குழந்தைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியது. இசை இங்கே அரசின் நல்லெண்ணத் தூதுவன். இதை மறுக்க முடியாது.

ஆனாலும் நண்பரின் கேள்வி மிச்சம் இருக்கிறது. அதிகாரத்தின் கையிலிருந்து கருவி மக்கள் கைக்கு வரும்போது அதிகாரமும் அப்படியே கூட வந்துவிடுகிறதா? அல்தூசரைக் காட்டி இந்தக் கேள்வியை மூடிவிடக் கூடாது.

3

அடோர்னோ மூடிவிட்டார். 1936இல் புனைபெயரில் எழுதிய கட்டுரையில், ஜாஸின் தாளத்துக்கு அடியில் ராணுவ அணிநடை இருக்கிறது, அதன் கருவிக் கட்டமைப்பே ராணுவ பேண்டுடையது, அதனால் பாசிசத்துக்கு அது நன்றாகவே பயன்படும் என்றார். அந்த அசைவெல்லாம் பொய்யான விடுதலை, கடைசியில் கால் தரையில் ஒழுங்காகத்தான் விழுகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதற்கு முந்தின வருஷம்தான் நாஜிகள் ஜெர்மன் வானொலியில் ஜாஸைத் தடைசெய்திருந்தார்கள். அடோர்னோவின் காது பொய் சொல்லவில்லை, ஜாஸுக்குள் அணிநடை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர் கேட்டது ஐரோப்பிய நடன விடுதிகளில் ஒலித்த ஜாஸை. அணிநடையை ஜாஸுக்குள் கொண்டுவந்தவர்கள் யார், எந்தக் காலோடு நடந்தவர்கள் என்று அவர் பார்க்கவில்லை.

பார்ப்போம். ஜேம்ஸ் ரீஸ் யூரோப், நியூயார்க்கின் கறுப்பு இசைஞர். முதல் உலகப் போரில் 369ஆம் காலாட்படையின் லெப்டினன்ட், அதன் பேண்டு மாஸ்டர். அந்தப் படை கறுப்பர்களின் படை. வெள்ளைப் படைப்பிரிவுகளோடு சேர்த்துப் போரிட அமெரிக்க ராணுவத்துக்கு மனமில்லாததால் அதைப் பிரெஞ்சுப் படையின் கீழ் தள்ளிவிட்டார்கள். 1918 ஜனவரி 1 அன்று பிரெஸ்ட் துறைமுகத்தில் இறங்கி அவர்கள் பிரான்சின் தேசிய கீதத்தை வாசித்தபோது, சொந்தப் பாட்டை அடையாளம் கண்டுகொள்ள அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனதாம். பிரெஞ்சு பேண்டுக்காரர்கள் இவர்கள் கருவிகளில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்ததை யூரோப் பின்னால் சொல்லியிருக்கிறார். கருவியில் ஒன்றுமில்லை. அரசு கொடுத்த அதே பித்தளைதான்.

1919 பிப்ரவரியில் இந்தப் படை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் வெற்றி ஊர்வலம் போனது. அதே 1919இல் சீருடை போட்ட கறுப்புச் சிப்பாய்கள் அமெரிக்காவில் கும்பல்களால் தாக்கிக் கொல்லப்பட்டார்கள். படை கொடுத்த சட்டைக்கு ஊர்வலம் வரைக்கும்தான் மரியாதை.

அடுத்த போரிலும் இதே கதை. 1942 வரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பர்களுக்குப் பெரும்பாலும் சமையலறையும் பரிமாறும் வேலையும்தான். அந்த வருஷம் உருவான பி-1 என்ற பேண்டின் கறுப்பு இசைஞர்கள், அந்த எல்லையைத் தாண்டிப் பொதுப் பணியில் சேர்ந்த முதல் ஆட்களில் அடங்குவர். 1945இல் கடற்படையில் சேர்ந்த ஜான் கோல்ட்ரேன் ஹவாய் முகாமின் ஸ்விங் குழுவில் வாசித்தார். குழு வெள்ளையர் குழு என்பதால் மேலதிகாரிகள் கண்ணில் படாமலிருக்க அவருக்கு 'விருந்தாளி' என்று பெயர். மிச்ச நேரத்தில் சமையலறை வேலை. லெஸ்டர் யங்கின் கதை இன்னும் மோசம். அந்தக் காலத்தின் தலைசிறந்த சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்து, பேண்டில் வாசிக்க விடாமல், போதைப்பொருள் குற்றத்துக்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி, 1945இல் ராணுவச் சிறையில் அடைத்தார்கள்.

இன்றைக்குப் படை பூங்காவில் நின்று ஜாஸை இலவசமாகச் சொல்லித் தருகிறது என்றால், அது யாரிடமிருந்து எடுத்து யாருக்குத் தருகிறது என்று கேட்கத்தான் வேண்டும். படை கொடுத்தது கருவியை, சீருடையை, வரிசையில் நடக்கிற பழக்கத்தை. அந்த நடையை ஆட்டமாக்கியவர்களுக்கு அது கொடுத்தது சமையலறையும் சிறையும்.

4

சரி, இதெல்லாம் அமெரிக்கா. நம்ம கோட்டைக்கு வருவோம்.

கிழக்கிந்தியக் கும்பினி 1795இல் ஓர் உத்தரவு போட்டது. தாய் தகப்பன் இரண்டு பேரும் ஐரோப்பியராக இல்லாதவன் கும்பினிப் படையில் சேரக் கூடாது. விதிவிலக்கு நான்கு: குழல் ஊதலாம், முரசு அடிக்கலாம், பேண்டு வாசிக்கலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். ஆங்கிலோ இந்தியர்களைக் குறிவைத்த உத்தரவு இது. துப்பாக்கியையும் பதவியையும் யாருக்குக் கொடுக்க மனமில்லையோ அவனுக்குக் கொடுக்கிற வேலை இசை. லாடத்துக்கும் ட்ரம்பெட்டுக்கும் ஒரே தரம். நியூயார்க்கில் நடந்தது சென்னையில் நூறு வருஷத்துக்கு மேல் முந்தியே நடந்திருக்கிறது.

இந்தக் கோட்டை பேண்டை ஊரும் கேட்டது. திருவாரூரிலிருந்து மணலிக்கு வந்து முதலியார் ஆதரவில் இருந்த தீட்சிதர் குடும்பம் புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினி பேண்டைக் கேட்ட கதை இசை வரலாறு படித்த எல்லாருக்கும் தெரியும். முத்துஸ்வாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று இன்றைக்குக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு. தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். படை இசைக்குழு ஊருக்கு வாசித்துக் காட்டியதற்கும், ஊர் அதைக் கற்றுக்கொண்டதற்கும் நம்மிடம் உள்ள பேர்பெற்ற உதாரணம் இது. நண்பர் கேட்டது இங்கே இருநூறு வருஷத்துக்கு முன்பே நடந்துவிட்டது.

நடந்தபின் என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம். வயலின் சபாவுக்குப் போனது. இன்றைக்கு அது அந்நியக் கருவி என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். கிளாரினெட் ஏ.கே.சி. நடராஜன் வாயில் ராகமாகிக் கச்சேரி மேடை ஏறியது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கிய கத்ரி கோபால்நாத், நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை, அதைச் சபாவுக்கு மட்டுமல்ல, ஜாஸ் விழாக்களுக்கும் கொண்டுபோனார். மூன்றும் மகத்தான சாதனைகள், கை தட்டுவோம். ஆனால் பேண்டிலிருந்து கருவி தனியாகக் கழன்று மேலே போனதே தவிர பேண்டு போகவில்லை. ட்ரம்பெட்டும் சைடு டிரம்மும் சிவப்புக் கோட்டும் தெருவிலேயே நின்றுவிட்டன. அவற்றை எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலானோர் சேரிகளிலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளை அழைப்புக்கும் வாசித்தார்கள், சாவுக்கும் வாசித்தார்கள். ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் கேட்பதைச் சொல்லும் புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் நிலையாமைக்கு உதாரணமாக நடத்துகிறோம். இரண்டு வீட்டிலும் அடிக்கிறவன் ஒரே ஆளாக இருக்கலாம், காலையில் அங்கே, மாலையில் இங்கே என்று எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

தீட்சிதர் கேட்ட அதே பேண்டைக் கேட்டு வளர்ந்த இன்னொரு மரபு இது. ஒன்றுக்கு வாக்கேயக்காரர் உண்டு, சீடப் பரம்பரை உண்டு, ஆராய்ச்சி உண்டு. இன்னொன்றுக்கு மணிக்கணக்குக் கூலி உண்டு.

5

இதுவரை சபாவைத் திட்டியாயிற்று. அது நமக்குச் சுலபம். இப்போது நம் பக்கம் வருகிறேன். வாசிக்கிற தோழர்களுக்குக் கொஞ்சம் சுருக்கென்று படும், படட்டும்.

தொண்ணூறுகளில் தலித் கலை இயக்கங்கள் பறையை மீட்டன. இழிவு என்று திணிக்கப்பட்டதை எதிர்ப்பின் குரலாக்கி மேடையேற்றின. அந்த மாற்றம் இல்லாமல் என் தலைமுறையே இல்லை. இன்றைக்குக் கல்லூரி மாணவிகள் பறை அடிக்கிறார்கள், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் பயிற்சி முகாம் நடத்துகின்றன. ஆனால் போகப் போகப் பறையைச் சுற்றி ஒரு பேச்சு வளர்ந்தது. ஆதி இசை, கலப்பில்லாத இசை, தமிழனின் முதல் இசை. இந்தச் சொல்லாடலுக்குள் பேண்டு செட்டுக்கு இடமில்லை. அது காலனியக் கழிவு, சினிமாக் காப்பி, வெள்ளைக்காரன் சட்டையைப் போட்டுக்கொண்ட அடிமைத்தனம். நம் கலை இரவுகளில் பேண்டு செட்டைக் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஊர்வலத்துக்கு வாடகைக்கு எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ட்ரம்பெட் வாசித்த அண்ணனிடம் பிறகு பேசினேன். வயது ஐம்பதுக்கு மேல். அப்பா பறை அடித்தவர்.

"எங்க அப்பாவ எவன் வேணா பேர் சொல்லிக் கூப்புடுவான். சாவு வுழுந்தா ராத்திரி பன்னண்டு மணிக்குக் கதவத் தட்டுவான், வரமாட்டேன்னு சொல்ல முடியாது. நான் இத மாட்டிக்கினேன். இப்ப போன் பண்ணி மாஸ்டர் ஃப்ரீயான்னு கேக்கறான். ரேட்டு நான் சொல்றேன். முடியாதுன்னா முடியாதுதான்."

"நோட்ஸ் பார்த்துக் கத்துக்கிட்டீங்களாண்ணே?"

"இன்னா நோட்ஸு தம்பி. பாட்ட நாலு வாட்டி கேப்பேன். அஞ்சாவது வாட்டி வாய் தானாப் போயிடும்."

முடியாது என்று சொல்கிற உரிமையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது அந்தச் சிவப்புக் கோட்டு. அம்பேத்கரின் கோட்டைப் புரிந்துகொண்ட நாம் இந்தக் கோட்டைப் புரிந்துகொள்ளவில்லை. அம்பேத்கர் பிறந்ததே மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில், ஒரு பாடியில். அவருடைய அப்பா சுபேதார், படைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். தீண்டப்படாதவனுக்கு எழுத்தைக் கொடுத்ததும் அந்தப் படைதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் போர்க்குடிகள் என்று ஒரு கொள்கையைக் கண்டுபிடித்து மகர்களைச் சேர்க்காமல் விட்டதும் அதே படைதான். சென்னைப் படையில் சேர்ந்திருந்த பறையர்களும் தமிழ்ச் சிப்பாய்களும் இதே கொள்கையால் ஓரங்கட்டப்பட்டார்கள். படையின் கொடை எப்போதும் திரும்பப் பிடுங்கக்கூடியது. அதற்குள் கிடைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதில்தான் நம் வரலாறு இருக்கிறது.

தூய்மை கேட்கிற ஆசை நமக்கு மட்டுமில்லை, அரசுக்கும் உண்டு. டெல்லியில் குடியரசு தினக் கொண்டாட்டங்களின் முடிவில் நடக்கும் படை இசை நிகழ்ச்சியில் காந்திக்குப் பிடித்த 'அபைட் வித் மீ' என்ற கிறித்தவப் பாடலைப் பல வருஷங்களாக வாசித்துவந்தார்கள். மரணத் தறுவாயில் இருப்பவனின் வேண்டுதல் அது. 2022இல் அதை எடுத்துவிட்டு 1962 போரில் செத்த சிப்பாய்களைப் பற்றிய இந்திப் பாட்டை வைத்தார்கள். காலனிய எச்சத்தைக் களைகிறார்களாம். பாட்டை மாற்றினார்கள். ட்ரம்பெட்டையும் டிரம்மையும் அணிநடையையும் கட்டளையையும் தொடவில்லை. எச்சம் எது, சொந்தம் எது என்று பிரிக்கிற அதிகாரம் தன்னிடம் இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் இதெல்லாம். பேண்டு செட்டைக் கலப்படம் என்று நாம் ஒதுக்கும்போது, அளவில் சிறிதானாலும், இதே வேலையைத்தான் செய்கிறோம்.

பறையை விட்டுவிட்டுப் பேண்டுக்குப் போ என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் ஒரே சாவில் பறையைக் கீழே வைத்துவிட்டு ட்ரம்பெட்டை எடுத்திருக்கிறான் என்றால், முதலாவதை மீட்கிறவர்கள் இரண்டாவதைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். அந்தத் தெருமுனையில் மெட்டைவிட்டு வெளியே போனாரே, அது எங்கிருந்து வந்தது? சைடு டிரம்மின் துரத்தலில் அணிநடை எவ்வளவு, பறையின் அடி எவ்வளவு? இதைச் சொல்லக்கூடிய ஒரு கட்டுரை தமிழில் என் கண்ணில் பட்டதில்லை. இருபது வருஷமாகப் பிரதி, விளிம்பு, மற்றமை என்று எழுதிக்கொண்டிருக்கிற நானும் எழுதியதில்லை.

6

நண்பருக்கு என் பதில் இது. ஆவடியிலிருந்து படை வந்து பாடிப் பிள்ளைகளுக்கு ட்ரம்பெட் சொல்லித் தரட்டும். பித்தளைக்குச் சாதி இல்லை, கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ஊரில் ஒன்றுமே இல்லாததுபோல, கொடுக்க வந்தவன்போல அது வரக் கூடாது. இங்கே ஏற்கெனவே வாத்தியார்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஓர் இசை வகுப்பு என்றால் அதை எடுக்கிற தகுதி, நாலு வாட்டி கேட்டு அஞ்சாவது வாட்டி வாசிக்கிற ஆளுக்கும் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நோட்ஸ் தெரிந்த போலீஸ் பேண்டுக்காரரும் நோட்ஸ் தெரியாத சாவு பேண்டுக்காரரும் ஒரே அறையில் உட்கார்ந்து பரஸ்பரம் கற்றால்தான் அதற்குப் பெயர் கல்வி. இல்லாவிட்டால் அது ஆள் பிடிக்கிற வேலை.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன் யூரோப்பின் குழு 1919இல் பதிவுசெய்த இசைத்தட்டு ஒன்றைக் கைப்பேசியில் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை, லாரிச் சத்தம். கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுவதும் கேட்டார். நியூ ஆர்லியன்ஸில் சுடுகாட்டுக்குப் போகும்போது மெதுவாகவும் திரும்பி வரும்போது ஆட்டமாகவும் வாசிப்பார்கள் என்று சொன்னேன்.

"நமக்கு உல்ட்டா" என்றார். "போவும்போதுதான் ஆட்டம். திரும்பி வரும்போது வாசிக்க மாட்டோம். துட்டு வாங்கினு ஆட்டோல ஏத்தினு வந்துடுவோம்." கொஞ்ச நேரம் கழித்து, "இவங்க பட்டாளத்து ஆளுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

"இது நடக்குறதுக்கு வாசிச்சது இல்ல தம்பி. நடக்கச் சொன்னா ஆடியிருக்கானுங்க."

அடோர்னோவுக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குள் அவருக்குப் போன் வந்தது. எத்தனை பேர், எத்தனை மணி, எந்தத் தெரு என்று விசாரித்தார். ரேட்டைச் சொன்னார், அதில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்குக் கொரட்டூர்ல ஒரு பாடி. வர்றதுன்னா வா."